நாகஜோதியின் காலும் நாலு வயரும்

நாகஜோதி வண்டி ஓட்டினால் ஏறியவர்களுக்கு வாந்தி வரும் என்று முதன்முதலில் சொன்ன ஆள் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஏலத்தோட்டத்துச் சூப்பர்வைசர் சுருளிராஜன். கம்பம் ஜீப் ஸ்டாண்டில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நான் நிற்பது தெரிந்தேதான் சொன்னார். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் தேவயானி. அனுமந்தன்பட்டிக்காரி. மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள் இருக்கும் ஒரு ஏலத்தோட்டத்தில், பறித்துவரும் காயை எடைபோடுகிற வேலை எனக்கு. எங்கள் ஊரிலிருந்து காய் எடுக்கப் போகும் பெண்களோடு நானும் காலையில் கிளம்பி, கம்பம் போய், கம்பமெட்டு வளைவுகளில் ஏறி, பொழுது சாய்கிற நேரத்தில் கீழே இறங்குகிறவள். எங்களை ஏற்றிக்கொண்டு போகிறவள் நாகஜோதி. ஆகவே அவள் ஓட்டுவதைப் பற்றிப் பேச, டீக்கடை வாசலில் நிற்கிறவர்களைவிட எனக்கு உரிமை அதிகம்.

அவளும் முன்பு எங்களைப் போலக் காய் எடுத்தவள்தான். அப்போது எல்லாரும் ஜீப்பில் போவோம். ஜீப் என்றால் சீட்டில் உட்கார்ந்து போவோம் என்று நினைத்துவிடாதீர்கள். மடியில் ஒருத்தி, அவள் மடியில் எல்லாருடைய தூக்குவாளிகளும், பின்படியில் தொங்கிக்கொண்டு சிலர். டிரைவர் கியர் மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவள் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு சாரல் நாளில், வளைவில் திரும்பும்போது பின் கதவு திறந்துகொண்டது. ஓரத்தில் இருந்த நாகஜோதியின் பாதி உடம்பு வெளியே போய்விட்டது. கருத்தம்மாள்தான் அவள் சேலையையும் முடியையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்தாள். எங்கள் கூட்டத்தில் வயதில் பெரியவள் அவள். டிரைவர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. "கதவ ஒழுங்காப் புடிச்சுக்கங்கத்தா" என்று மட்டும் சொன்னான். அந்த டிரைவர் ஈஸ்வரபாண்டி. சூப்பர்வைசர் சுருளிராஜனுக்கு மச்சினன். இந்த உறவை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவள் ஜீப்பில் ஏறவில்லை. உத்தமபாளையத்தில் டிரைவிங் பழகப் போனாள். அவள் புருஷன் விஜயபாண்டி அரிசி மில்லில் வேலை பார்க்கிறவர். பொம்பளை மலையில் வண்டி ஓட்டுவதா என்று கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே கூடப் போய் ஒரு பழைய ஆம்னி வேனைப் பார்த்து வாங்கிக்கொடுத்தார். கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கப் போகிறவர் வைத்திருந்த வண்டி அது. உள்கூரையில் ஜிகினாத்தாள் இன்னும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாகஜோதி அதற்கு மஞ்சள் போர்டு மாட்டினாள், பெர்மிட் எடுத்தாள், ஒரே ஒரு சட்டமும் போட்டாள். ஒரு சீட்டுக்கு ஓர் ஆள்.

கருத்தம்மாள் ஒருநாள் தன் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து, "ஓரமா ஒண்டிக்கிருவாத்தா" என்றாள். உயிரைக் காப்பாற்றியவள் கேட்கிறாள். நாகஜோதி அசையவில்லை.

"ஒண்டிக்கிட்டு இருந்த எடத்துல இருந்துதானத்தா நான் வெளிய விழப் பாத்தேன். இவள ரெண்டாவது நடைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன், நீங்க ஏறுங்க" என்றாள்.

அப்படிப்பட்டவளைத்தான் ஓட்டத் தெரியாதவள் என்றார்கள்.

விஷயம் என்னவென்றால், போன ஆடி மாதத்தில் வேனுக்குள் பெட்ரோல் நெடி அடிக்க ஆரம்பித்தது. ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதனால் எந்த நெடி வந்தாலும் நேரே நம் மூக்குக்குத்தான் வரும். சைலன்சர் வாயில் கரி அப்பியது. வளைவில் வண்டி இழுக்காமல் மூச்சு வாங்கியது. எங்களுக்குத் தலைவலி. வேல்விழி என்று ஒரு பெண், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அவள் முதல் ஆளாக வாந்தியெடுத்தாள். ஊரார் வேறு காரணம் நினைத்து வாழ்த்துச் சொல்லப் போய், அவள் அழுதது தனிக் கதை. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருத்தராகச் சன்னல் ஓரத்துக்குச் சண்டை போட ஆரம்பித்தோம்.

நாகஜோதி வண்டியைக் கம்பத்தில் முத்துராமலிங்கத்திடம் கொண்டுபோனாள். அந்தப் பக்கத்து எஸ்டேட் வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் எலக்ட்ரீசியன். ஒரு சின்னக் கருவியைச் சொருகிப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார். புகைக்குழாயில் மரை போட்டு உட்கார்ந்திருக்கும் கட்டைவிரல் பருமன் சாமான் அது. வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து என்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மிச்சம் அதிகம் என்றால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், இல்லையென்றால் குறைக்கும். அது தப்பாகச் சொன்னால் வண்டி தேவையில்லாமல் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். நெடிக்கும் கரிக்கும் காரணம் அதுதான்.

இதுவரைக்கும் முத்துராமலிங்கம் சொன்னது எல்லாம் சரி. துருப்பிடித்து இறுகிப்போன பழைய சென்சாரை, என்ஜினைச் சூடேற்றி, எண்ணெய் விட்டு, மரை கெடாமல் கழற்றினாரே, அந்தக் கைவேலையையும் நான் குறை சொல்லமாட்டேன். புதிய சென்சார் கிடைத்தது, ஆனால் அந்தப் பழைய வண்டிக்குப் பொருந்தும் பிளக் அதில் இல்லை. எல்லா வண்டிக்கும் பொதுவாக வருகிற ரகம். நாலு வயர் மொட்டையாக வரும். வெள்ளை இரண்டு, கறுப்பு ஒன்று, சாம்பல் ஒன்று. வண்டியின் வயரோடு அவற்றை வெட்டி இணைக்க வேண்டும்.

இங்கேதான் முத்துராமலிங்கம் தன் பிரசித்தி பெற்ற கட்டைப் போட்டார். எங்கள் பக்கத்தில் மழை என்றால் மேலிருந்து மட்டும் பெய்கிற மழை இல்லை. மலையில் சாரலும் மூடுபனியும் மாதக்கணக்கில் நிற்கும். எஸ்டேட் வழியில் ஓடைக்குள் இறங்கித்தான் வண்டி ஏறும். வயர் இணைப்பில் ஈரம் புகுந்தால் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான். ஆகவே முத்துராமலிங்கம் எந்த வயரை இணைத்தாலும் முறுக்கின்மேல் கிரீஸை அப்பி, டேப் சுற்றி, அதன்மேல் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, நூல் போட்டுக் கட்டிவிடுவார். ஜீப் டிரைவர்கள் அதை முத்துராமலிங்கம் கட்டு என்றே சொல்வார்கள். வண்டியே போனாலும் கட்டு போகாது என்று பெருமை. நாகஜோதியின் சென்சாருக்கும் நாலு வயரிலும் கிரீஸ் வைத்து அதே கட்டு.

இரண்டு மூன்று நாள் வேன் புத்தம்புதுசாக ஓடியது. நாங்கள் கதை பேசிக்கொண்டு போனோம். அப்புறம் ஒரு காலையில் மறுபடி அதே நெடி.

அவள் திரும்பப் போனாள். அவர் கட்டைப் பிரித்து, வயரைக் கொஞ்சம் வெட்டி, புதிதாக முறுக்கிப் பார்த்தார். நன்றாக ஓடியது. திரும்பக் கட்டினார். இரண்டு மூன்று நாளில் திரும்ப நெடி. சென்சாரே கோளாறு என்று வேறொன்று மாற்றினார்கள். அதுவும் அப்படியே. இதற்குள் எங்களுக்கு மலை ஏறுவது என்றாலே வயிற்றைப் பிரட்டியது. முத்துராமலிங்கத்துக்கும் சலித்துவிட்டது. அவர் போட்ட கட்டில் தவறு இருக்க முடியாது, சாமானும் புதிது. மிச்சம் இருப்பது ஓட்டுகிற ஆள்தானே?

"ஏத்தா, ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டே போனா நெடி அடிக்காம சந்தன வாசனையா அடிக்கும்? காலு கனம் ஒனக்கு. வண்டியில ஒண்ணும் இல்ல" என்றார்.

"அண்ணே, இம்புட்டு நாளா இந்தக் காலுதான ஓட்டுச்சு. ஆடி மாசத்துல இருந்து மட்டுமா கனத்துப் போச்சு?" என்று கேட்டாள் நாகஜோதி.

அவர் கால் கனம் என்றே ஸ்டாண்டில் சொல்லிவிட்டார். அதை வாங்கித்தான் சுருளிராஜன் டீக்கடை வாசலில் ஊதினார். நாகஜோதி ஓட்டினால் வாந்தி வரும் என்பது அப்படித்தான் பிறந்தது. கண்ணால் பார்த்தவர்கள் யாருமில்லை. அவள் சீட்டுக்குப் பின்னால் தினமும் உட்கார்ந்து வருகிறவள் நான். வளைவில் அவள் கால் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

பிறகு நடந்ததுதான் அநியாயத்திலும் அநியாயம். சுருளிராஜன் ஒரு யோசனை சொன்னார். ஒரு நாள் ஈஸ்வரபாண்டி இந்த வேனை ஓட்டிப் பார்க்கட்டும், வண்டிக் கோளாறா ஆள் கோளாறா என்று தெரிந்துபோகும். விஜயபாண்டியும் சரி என்றார். நாகஜோதி சாவியைக் கொடுத்தாள். அது ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் முத்துராமலிங்கம் கட்டைப் பிரித்து வயரை வெட்டிப் புதிதாக முறுக்கியிருந்தார். கட்டுவதற்குள் பெரியகுளத்தில் ஒரு காதுகுத்துக்குப் போக பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பேருக்கு ஒவ்வொரு வயரிலும் ஒரு சுற்று டேப்பை மட்டும் ஒட்டிவிட்டு, திங்கட்கிழமை வந்து ஒழுங்காகக் கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை ஈஸ்வரபாண்டி ஓட்டினான். வேன் பஞ்சாகப் பறந்தது. நெடி இல்லை, இரைப்பு இல்லை. வேல்விழி மேலே போகிறவரைக்கும் தூங்கிக்கொண்டு வந்தாள். நாகஜோதி தன் வண்டியிலேயே பின்சீட்டில் உட்கார்ந்து, தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஈஸ்வரபாண்டி கண்ணாடியில் அவளைப் பார்த்து, "காலு இப்புடி இருக்கணும் மதினி" என்று சொல்லிச் சிரித்தான். நான் அவளாக இருந்திருந்தால் அந்தத் தூக்குவாளியை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

திங்கட்கிழமை முத்துராமலிங்கம் வந்தார், கிரீஸ் வைத்தார், டியூப் சுற்றினார், கட்டினார். சாவி நாகஜோதி கைக்கு வந்தது. வியாழக்கிழமை நெடி வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று பேர் வாந்தி. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஸ்டாண்டே ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சுருளிராஜன் எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்தா பாரு நாகஜோதி, வர்ற திங்கள்ல இருந்து சாவிய ஈஸ்வரபாண்டிகிட்டக் குடுத்துரு, அவன் ஓட்டட்டும். இல்லன்னா ஆளுக அவன் ஜீப்புல வரட்டும். ஒன்னால எஸ்டேட்டுல வேல கெடுது."

வேன் சாவி ஈஸ்வரபாண்டி கைக்குப் போனால் ஒரு சீட்டுக்கு ஓர் ஆள் என்கிற சட்டம் ஒரு நாள்கூடத் தாங்காது. ஜீப்பில் ஏறினால் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கருத்தம்மாள்கூட, "கொஞ்ச நாளைக்கு அவனே ஓட்டட்டுமேத்தா, ஒனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு" என்றாள். நாகஜோதிக்கு மற்றவர்கள் சொன்னதைவிட அதுதான் சுட்டது. அன்றைக்கு மலை இறங்கும்போது அவள் கண் கலங்கியதை டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் விடுமுறை. மதியம் சாப்பிட்டு முடித்த நேரம் என் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. நாகஜோதி இறங்கவில்லை, ஹாரன் அடித்தாள்.

"தேவயானி, ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லு. ஈஸ்வரபாண்டி ஓட்டுனான்ல, அன்னைக்கு வயரு கட்டியிருந்துச்சா?"

"இல்ல. அந்தண்ணே காதுகுத்துக்குப் போயிட்டாக."

"அதுக்கு முன்னாடி நல்லா ஓடுன நாளெல்லாம்?"

நான் யோசித்துப் பார்த்தேன். பிரித்துப் பார்த்து வெட்டி முறுக்கிய அன்றைக்கெல்லாம் நன்றாக ஓடியது. இறுக்கிக் கட்டி இரண்டு மூன்று நாளில் கெட்டது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

"அவுத்துவிட்டா ஓடுது, கட்டிவிட்டா திணறுது. ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா எங் காலு இல்ல. ஏறு" என்றாள்.

அவர்களுடைய வாழைத்தோட்டத்து ஓரத்தில் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, முன் சீட்டைத் தூக்கிவிட்டு, சூடு ஆறுகிறவரைக்கும் காத்திருந்தாள். நான் போன் வெளிச்சத்தை அடித்தேன். முத்துராமலிங்கம் போட்ட கட்டைக் கத்தியால் அறுத்தாள். சைக்கிள் டியூபுக்குள்ளே கிரீஸ் உருகித் தேனாக ஒழுகிக்கொண்டிருந்தது. வயரைக் கொஞ்சம் வெட்டினாள். செம்புக் கம்பிகளுக்கு நடுவிலும் கிரீஸ். இன்னும் கொஞ்சம் வெட்டினாள். சுத்தமான கம்பி தெரிகிறவரைக்கும் விடவில்லை. வயர் குட்டையாகிவிட்டது. வண்டிப் பக்கத்து வயரில் புதிதாக ஒட்டு வயர் சேர்த்து நீட்டினாள். எலக்ட்ரிக் கடையில் வாங்கி வந்த சின்ன உலோகக் குழாய்களுக்குள் இரண்டு பக்க வயரையும் நுழைத்துக் குறட்டால் நசுக்கி இணைத்தாள். கறுப்போடு அதற்குரிய வயர், சாம்பலோடு அதற்குரியது, வெள்ளை இரண்டும் தனி. கிரீஸ் இல்லை, டியூப் இல்லை.

"மழை பெஞ்சா?" என்றேன்.

அவள் தோட்டத்துக்குள் போய், கிழித்துப்போட்டிருந்த சொட்டுநீர்க் குழாயில் கொஞ்சம் நறுக்கிக்கொண்டு வந்தாள். நீளவாக்கில் கீறி, இணைப்புகளை அதற்குள் தளர்வாக வைத்து, வாய் கீழே பார்க்கும்படி சீட்டுச் சட்டத்தோடு உயரமாகக் கட்டினாள். தண்ணீர் தெறித்தாலும் வடிந்துவிடும். காற்றுக்குத் தடை இல்லை. வண்டியை எடுத்தோம். நேரே கம்பமெட்டு வளைவுகளில் ஏறிப் போய்த் திரும்பி வந்தோம். நெடி இல்லை. அவள் கால் அதே கால்தான். நான் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

இறங்கும் வழியில் முத்துராமலிங்கம் கடை திறந்திருந்தது. நாகஜோதி அறுத்த டியூபையும் கிரீஸ் வயரையும் அவர் மேஜைமேல் வைத்தாள். அவருக்கு வந்ததே கோபம்.

"எங் கட்ட நீ அறுத்தியா? ஏத்தா, எத்தன வண்டி கட்டியிருக்கேன், ஒண்ணு ஒழுகியிருக்கா? சென்சாரு விக்கிறவன்கிட்டயே கேப்போம். கேட்டுட்டு அப்புறம் பேசு" என்று தேனியில் அந்த சென்சாரை அவருக்கு விற்ற கடைக்குப் போன் போட்டார். நாங்களும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு எதிர்முனையில் இருந்த கடைக்காரர், "அண்ணே, அதுல கிரீஸா வச்சீங்க?" என்றார். "அது வெளிக்காத்த வயரு வழியாத்தாண்ணே உள்ள இழுக்கும். புகையில இருக்கிற ஆக்சிஜன அந்தக் காத்தோட ஒப்பிட்டுத்தான் கணக்குச் சொல்லும். கிரீஸு சூட்டுல உருகி வயருக்குள்ள எறங்குனா மூச்சடைச்சுப் போயிரும். அப்புறம் அது தப்பாச் சொல்லும், வண்டி பெட்ரோலக் குடிக்கும். மத்த வயருக்கு ஒங்க கட்டு சரிண்ணே. இதுக்கு ஆகாது."

முத்துராமலிங்கம் போனை வைத்தார். கொஞ்ச நேரம் டியூபைப் புரட்டிப் பார்த்தார். தவறு யாருக்கும் வரும். அதற்காக நான் அவரைத் திட்டமாட்டேன். அடுத்து அவர் சொன்னதற்குத்தான் இன்றுவரைக்கும் திட்டுகிறேன்.

"சரி விடுத்தா. சரியாப் போச்சுல்ல? இத ஸ்டாண்டுல போய்ச் சொல்லிக்கிட்டுத் திரியாத. தொழிலு பண்றவன் பேரு கெட்டுரும்."

நாகஜோதி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்க பேரு கெடக்கூடாது. எம் பேரு ஸ்டாண்டு பூரா நாறுனப்ப ஒங்களுக்கு வலிக்கலையாண்ணே? என் காலு கனம்னு நீங்க எங்கன வச்சுச் சொன்னீகளோ, அங்கனயே வந்து வயருலதான் கோளாறுன்னு நாளைக்குக் காலையில சொல்லுங்க. நான் ஒண்ணும் பேசல."

அவர் தலையாட்டினார். மறுநாள் காலையில் கடையே திறக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாரல். ஸ்டாண்டில் ஈஸ்வரபாண்டியின் ஜீப் தயாராக நின்றது. சுருளிராஜன் எங்கள் வேனிலிருந்து பெண்களை இறங்கச் சொன்னார். வேல்விழியும் இன்னும் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்கள். நான் அசையவில்லை. கருத்தம்மாள் இறங்க ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, ஜீப்பின் பின்படியில் ஏற்கெனவே தொங்குகிறவர்களைப் பார்த்தாள். பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நாகஜோதி நடந்ததை நடந்தபடி எல்லார் முன்னாலும் சொன்னாள். வயர், கிரீஸ், தேனிக் கடைக்காரர் சொன்னது எல்லாம். சுருளிராஜன் கேட்டுவிட்டுச் சிரித்தார். வயர் மூச்சு விடுதாம் என்று ஈஸ்வரபாண்டியைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நானே வந்து பாக்குறேன். ஒரு ஆளு வாந்தி எடுத்தாலும் இன்னைக்கோட சரி. சாவி அவன்கிட்ட."

அடிவாரம் தாண்டியது. முதல் வளைவு, அடுத்த வளைவு. சாரல் கண்ணாடியில் அடிக்கிறது, சொட்டுநீர்க் குழாய் தாங்க வேண்டுமே என்று சுருளி வேலப்பர் சாமியைக்கூட வேண்டிக்கொண்டேன். வேன் ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. கருத்தம்மாள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள். பிறகு வெற்றிலையை எடுத்து மடித்துப் போட்டுக்கொண்டாள். வயிற்றைப் பிரட்டினால் அவள் வெற்றிலை தொடமாட்டாள். ஈஸ்வரபாண்டியின் ஜீப் எங்களுக்குப் பின்னால், பாரம் தாங்காமல் உறுமிக்கொண்டு வந்தது.

மேல் வளைவுகளுக்கு வந்துவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுருளிராஜன் பெரிய மனது பண்ணிச் சொன்னார்.

"பாத்தியா, ஈஸ்வரபாண்டி ஓட்டுனதப் பாத்ததும் ஒனக்குப் பிடிபட்டுருச்சு. இப்பத்தான் கை பழகியிருக்கு. காலும் கனம் கொறஞ்சுருச்சு."

நாகஜோதி வண்டியை வளைவுக்கு அப்பால் ஓரமாக, அகலமான இடத்தில் நிறுத்தினாள். கைப்பிரேக்கை இழுத்தாள்.

"எறங்குங்கண்ணே."

"என்னத்தா?"

"அன்னைக்கு ஓட்டுனதும் நாந்தான், இன்னைக்கு ஓட்டுறதும் நாந்தான். மாறுனது வயரு. அத ஒத்துக்க ஒங்களுக்கு வாய் வரல. என் வண்டியில ஒக்காந்துக்கிட்டு என்னையப் பழகாதவன்னு சொல்ற ஆளுக்கு இதுல சீட்டு இல்ல. எறங்குங்க."

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் சமாதானம் பேசுவோம் என்று நினைத்திருப்பார். சூப்பர்வைசர் அல்லவா, நாளைக்கு யாரை எந்த மேட்டுக்கு அனுப்புவது என்று அவர்தானே சொல்ல வேண்டும். கருத்தம்மாள் அவரைச் சூப்பர்வைசரய்யா என்றே கூப்பிட்டுப் பழகியவள். வாயில் இருந்த வெற்றிலையைச் சன்னலுக்கு வெளியே துப்பினாள்.

"எறங்குப்பா சுருளி. நாங்க நேரத்துக்கு மேல போகணும்ல."

அவர் இறங்கினார். கதவை ஓங்கிச் சாத்தினார். நாங்கள் கிளம்பியபோது அவர் சாரலில் கையை நீட்டிக்கொண்டு நின்றதையும், பின்னால் வந்த ஜீப் அவருக்காக மெதுவாகப் போனதையும், உள்ளே இடம் இல்லாமல் அவர் பின்படியில் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கியதையும் நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தவள் வேல்விழி.

எஸ்டேட்டுக்கு நாங்கள் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஜீப் வந்தது. சுருளிராஜன் முழுக்க நனைந்திருந்தார். எடைபோடும் இடத்தில் என் எதிரில் நின்று டீ வாங்கினார், டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் என்ன ஆயிற்று என்று கேட்டார். நாகஜோதி இறக்கிவிட்டதைச் சொல்லப்போகிறார், அவளுக்கு இன்றோடு நடை போயிற்று என்று நான் பயந்துகொண்டே நின்றேன். அவர் சொன்னது இதுதான்.

"ஜீப்புல கூட்டம் ரொம்ப அதிகம் சார். மனுசன் போக முடியாது."

எத்தனை வருஷமாக நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். நாகஜோதி பாதி உடம்பு வெளியே தொங்கினாள், அப்போது அது கூட்டம் இல்லை. மூன்று வளைவு அவரே கம்பியைப் பிடித்துத் தொங்கியதும் கூட்டம் அதிகமாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் எடைக்கல்லை எடுத்து மேஜையில் போட்டேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் அந்த வேனில் நெடி வரவில்லை. சொட்டுநீர்க் குழாய் அப்படியே இருக்கிறது. நாகஜோதியிடம் முத்துராமலிங்கமோ, ஈஸ்வரபாண்டியோ, சுருளிராஜனோ, யாரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஸ்டாண்டில் சுருளிராஜன் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல வேனின் முன் கதவைத் திறந்தார். உள்ளே வேல்விழி உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு சீட்டுக்கு ஒரு ஆளுண்ணே" என்றாள் வேல்விழி. கதவைச் சாத்திக்கொண்டாள்.